பால்மரப் பலகையும் ஓய்வுக் காலமும்

அலுவலக மேசையை விட்டு எழுந்தவர்களுக்கு வீட்டில் ஒரு சிறு மேசை காத்திருக்கிறது. ‘ஸ்க்ரோல் சா’ என்னும் மெல்லிய ரம்பம், பணி ஓய்வு பெற்ற நம்மவர்களுக்கு ஏன் பொருத்தமான துணை என்பதைச் சொல்கிறது இக்கட்டுரை.

ஜாலான் தெலாவியின் காப்பிக் கடைகளும் ஜாலான் மாரோஃபின் வாகன நெரிசலும் கோலாலம்பூர் பங்சாரின் இன்றைய முகம். இதே மேடு பள்ளங்களில் ஒரு காலத்தில் ரப்பர் பால்மரங்கள் வரிசை வரிசையாக நின்றன. கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் மரம் சீவியவர்களும், பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வேலைக்குப் போனவர்களும், செந்தூல் பட்டறையில் ரயில் பெட்டிகளைச் செப்பனிட்டவர்களும் கைத்திறமையால் குடும்பத்தைக் காப்பாற்றியவர்கள். அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வங்கி, பள்ளிக்கூடம், அரசாங்க அலுவலகம் என்று நாற்காலி வேலைக்குப் போனார்கள். அப்படிப் போனவர்களே இப்போது ஓய்வு பெற்று வீட்டில் இருக்கிறார்கள்.

2013 ஜூலை 1 முதல் மலேசியாவில் தனியார் துறை ஊழியர்களின் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. விடைபெறும் விருந்து முடிந்து, ஊழியர் சேமநிதிப் பணத்துக்கும் ஒரு வழி செய்தாயிற்று. காலை நடை, கோயில், பேரப்பிள்ளையைப் பள்ளியில் விடுவது எல்லாம் பத்து மணிக்குள் முடிந்துவிடும். மிச்சப் பகல் முழுவதும் கைப்பேசியும் தொலைக்காட்சியும்தான் என்று ஆகும்போது, ஒரு வருடத்திலேயே ஆள் தளர்ந்துவிடுவதை நம் வீடுகளிலேயே பார்க்கிறோம்.

பகலை நிரப்பினால் மட்டும் போதாது. மனம் முழுதாக அதில் இறங்க வேண்டும். மாலையில் ‘இன்று இதைச் செய்தேன்’ என்று கையில் எடுத்துக் காட்ட ஒரு பொருள் இருக்க வேண்டும். முதுகும் முழங்காலும் தாங்க வேண்டும். செலவு கையைக் கடிக்கக் கூடாது. இவை எல்லாவற்றுக்கும் ஸ்க்ரோல் சா மரவேலை பொருந்துகிறது.

பள்ளியில் விட்ட இடம்

இன்று அறுபதைத் தாண்டிய பலருக்கு மரவேலை முற்றிலும் புதிதல்ல. 1965-இல் வந்த கல்வி மாற்றத்துக்குப் பிறகு, இடைநிலைப் பள்ளியின் கீழ் வகுப்புகளில் தொழிற்கலை, வேளாண் அறிவியல், வணிகம், மனையியல் ஆகிய நான்கில் ஒன்றைப் படிக்க வேண்டியிருந்தது. ‘செனி பெருசஹான்’ என்ற தொழிற்கலையை எடுத்த மாணவர்கள் ரம்பம் பிடித்து, உளி அடித்து, உப்புத்தாள் தேய்த்து மார்க் வாங்கியவர்கள். மூன்றாம் படிவம் முடிந்ததும் பெரும்பாலோருக்கு அதோடு தொடர்பு அறுந்தது. கை அதை மறந்துவிடவில்லை, வாய்ப்புத்தான் வரவில்லை.

இயந்திரத்தின் அருகே

ஸ்க்ரோல் சா ஒரு மேசைமேல் இயந்திரம். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக முன்னோக்கி நீண்ட இரண்டு கைகள்; அவற்றின் முனைகளுக்கு நடுவே செங்குத்தாக நிற்கும் ஐந்து அங்குல பிளேடு. சுவிட்சைப் போட்டால் அது நிமிடத்துக்குச் சுமார் 400 முதல் 1,600 முறை வரை மேலும் கீழும் ஓடும். வேகத்தைக் குமிழைத் திருப்பிக் கூட்டலாம், குறைக்கலாம். பிளேடு இடத்தை விட்டு நகராது. நகர்வது பலகை, அதை இரண்டு கையாலும் பிடித்துத் திருப்புவது நாம். ‘16 அங்குல இயந்திரம்’ என்றால் பிளேடுக்கும் பின்தண்டுக்கும் இடையே 16 அங்குல இடைவெளி இருக்கிறது என்று பொருள். வீட்டு வேலைக்கு அது தாராளம்.

பிளேடை மாட்டி இறுக்கியதும் விரலால் சுண்டிப் பார்க்க வேண்டும். ‘டிங்’ என்று தெளிவாக ஒலித்தால் இறுக்கம் சரி. ‘டப்’ என்று மழுங்கினால் பிளேடு வளைந்து கோட்டை விட்டு ஓடும். இன்னொரு நுணுக்கமும் உண்டு. பெரும்பாலான பிளேடுகளில் பல் வெட்டும்போதே ஒரு பக்கம் சிறு பிசிறு நின்றுவிடுகிறது. அதனால் நேராகத் தள்ளினால் வெட்டு ஒரு பக்கமாக, பெரும்பாலும் வலப்புறம், இழுத்துக்கொண்டு போகும். பலகையைச் சற்றே சாய்த்துக் கொடுத்தால் கோடு நேராக வரும். புதிதாகத் தொடங்குபவர் தன் கைதான் நடுங்குகிறது என்று எண்ணி மனம் தளர வேண்டாம். அது பிளேடின் குணம்.

இந்த ரம்பத்தின் தனிச் சிறப்பு, பலகையின் ஓரத்தைத் தொடாமலே நடுப்பகுதியை மட்டும் வெட்டி எடுப்பது. வெட்ட வேண்டிய இடத்தில் டிரில்லால் சின்ன ஓட்டை போட்டு, பிளேடின் மேல்முனையைக் கழற்றி அதன் வழியே நுழைத்து, மறுபடி இறுக்கி அறுக்க வேண்டும். உள் வெட்டுகளை எல்லாம் முதலில் முடித்துவிட்டு, வெளிக்கோட்டைக் கடைசியில் அறுப்பதே முறை. வெளிக்கோட்டை முதலில் அறுத்துவிட்டால் பிடித்துக்கொள்ளப் பலகை இருக்காது.

மலாய் வீடுகளில் கதவு, சாளரங்களுக்கு மேலே காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் விட்ட ‘கெராவாங்’ பலகைகள் இந்தத் துளை வேலையின் உயர்ந்த வடிவம். ஜாலான் ஸ்டோனரில் மலேசிய மரபுடைமை அமைப்பின் வளாகத்தில், கெடாவிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்து நிறுத்தியுள்ள பெங்ஹுலு அபு செமான் வீட்டை ஒருமுறை போய்ப் பாருங்கள். அந்தக் காலத்துத் தச்சர்களின் கை எவ்வளவு நிதானமானது என்று தெரியும்.

விறகாக எரிந்த மரம்

எந்த மரத்தில் அறுப்பது? மெல்லிய ஒட்டுப்பலகை பழகுவதற்கு நல்லது. ஜெலுத்தோங் மிருதுவானது, இழை நேரானது; கத்தி வைத்தால் வெண்ணெயாக வழிவிடும். ஆனால் நம்மவர் ஒவ்வொருவரும் ஒரு முறையாவது ரப்பர் மரப் பலகையில் வேலை செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

ரப்பர் மரம் நட்ட ஐந்தாறு வருடங்களில் பால் தரத் தொடங்கி, 25, 30 வயது வரை தரும். அதன்பின் மறுநடவுக்காக வெட்டிவிடுவார்கள். வெட்டிய மரம் வெகுகாலம் விறகாகத்தான் எரிந்தது. மாவுச்சத்து மிகுந்த மரம் என்பதால் வெட்டிய சில நாள்களிலேயே பூஞ்சை பிடித்து நீலம் பாயும், வண்டு துளைக்கும். போரான் உப்பை அழுத்தத்தோடு மரத்துக்குள் ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகுதான் அது நாற்காலிக்கும் மேசைக்கும் உரிய மரமானது. 1929-இல் தொடங்கிய கெப்போங் வன ஆராய்ச்சிக் கழகத்தின் பணி இதில் முக்கியமானது. இன்று மூவாரின் தளவாடத் தொழிலுக்கு இந்த மரமே முதுகெலும்பு. வெளிர் மஞ்சள் நிறம், நெருக்கமான இழை, நிறப்பூச்சை நன்றாக ஏற்கும் தன்மை ஆகியவை ஸ்க்ரோல் சா வேலைக்கும் ஏற்றவை.

அந்த மரத்தைச் சீவிய கைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். பால்வெட்டு என்பது பட்டையிலிருந்து ஒரு மில்லிமீட்டர் சொச்சம் கனத்தில் சீவி எடுக்கும் வேலை. ஆழம் குறைந்தால் மங்கில் பால் விழாது. கூடினால் பட்டைக்கு அடியிலுள்ள உயிர்ப்படலம் காயப்பட்டு மரம் முண்டும் முடிச்சுமாகும். விடியும் முன் நெற்றி விளக்கு வெளிச்சத்தில், கொசுக்கடியில், நூற்றுக்கணக்கான மரங்களில் அந்த ஒரு மில்லிமீட்டரைத் தவறவிடாமல் நம் பாட்டிகளும் தாத்தாக்களும் சீவினார்கள். அந்த நுட்பத்துக்குக் கூலி கிடைத்தது, மரியாதை கிடைக்கவில்லை. ‘என் பிள்ளை கத்தி பிடிக்கக் கூடாது, பேனா பிடிக்க வேண்டும்’ என்று அவர்கள் நினைத்தது நியாயம். அந்த நியாயத்தோடு சேர்ந்து, கைவேலை என்றாலே தாழ்வு என்ற எண்ணமும் நம் வீடுகளுக்குள் வந்துவிட்டது. அதைக் களைய ஓய்வுக் காலத்தைவிட நல்ல காலம் வேறில்லை.

என்ன செய்யலாம்?

வீட்டுப் பெயர்ப் பலகை, பூஜை அறைக்கு வேலும் மயிலும், தீபாவளிக்குத் தொங்கவிடும் விளக்குக்கூடு என்று வேலைக்குக் குறைவில்லை. சிக்குக் கோலம் அறுக்க விரும்புபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கோட்டையே வெட்டி எடுத்துவிட்டால், அது சூழ்ந்து நிற்கும் இதழ்களும் புள்ளிகளும் பிடிப்பின்றிக் கழன்று விழும். கோட்டை மரமாக நிறுத்தி, இடைவெளிகளை வெட்டி எடுங்கள். புள்ளிகளைத் தனியே அறுத்து அடிப்பலகையில் ஒட்டுங்கள்.

பேரப்பிள்ளைகளுக்கு மலேசிய வரைபடப் புதிர் செய்து கொடுக்கலாம். இதற்கு நல்ல முன்னோடி உண்டு. லண்டன் வரைபடக் கலைஞர் ஜான் ஸ்பில்ஸ்பரி 1760-களில் வரைபடத்தைப் பலகையில் ஒட்டி, நாடு நாடாக அறுத்துப் பிள்ளைகள் புவியியல் படிக்கத் தந்தார். நம் வரைபடத்தில் 13 மாநிலங்கள், மூன்று கூட்டரசுப் பிரதேசங்கள். கோலாலம்பூரும் புத்ராஜெயாவும் நான்கு பக்கமும் சிலாங்கூரால் சூழப்பட்டவை. ஆகவே சிலாங்கூருக்குள் ஓட்டை போட்டு உள் வெட்டாகத்தான் அவற்றை எடுக்க வேண்டும். பாடநூலில் ஒரு வரியாகப் படித்ததைக் குழந்தையின் விரல் அப்போது தொட்டு அறியும்.

எனக்கு மிகப் பிடித்த வேலை தமிழ் எழுத்துகள். வளைவும் சுழியும் நிறைந்த நம் எழுத்துகள் இந்த ரம்பத்துக்கென்றே பிறந்தவை போலிருக்கும். மூடிய சுழி ஒவ்வொன்றுக்கும் தனி ஓட்டை போட வேண்டும். ஃ-இன் மூன்று புள்ளிகளும் ஒன்றையொன்று தொடுவதில்லை. அவற்றை ஒரு சிறு பலகையில் ஒட்டி ஒரே துண்டாக்கலாம். 247 எழுத்துகளையும் தனித்தனியே அறுக்கத் தேவையில்லை. உயிர் 12, ஆய்தம் 1, அகரமேறிய மெய் 18, சேர்ந்தே எழுதப்படும் இகர, ஈகார, உகர, ஊகார வரிசைகள் 72, இவற்றோடு புள்ளி, துணைக்கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் கொம்பு என்று ஐந்து. மொத்தம் 108 துண்டுகள். ஔகார வரிசைக்கு இருக்கிற ள-வே போதும். எந்தச் சொல்லிலும் வராத ளௌ-வுக்கு மட்டும்தான் இன்னொரு ள வேண்டும். ‘க’ மேல் புள்ளித் துண்டை வைத்தால் க். பக்கத்தில் துணைக்காலைச் சேர்த்தால் கா. உயிர்மெய் எப்படி உருவாகிறது என்பதைக் குழந்தை தானே கட்டிப் பார்த்துப் புரிந்துகொள்கிறது. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியின் பாலர் வகுப்புக்கு இப்படி ஒரு பெட்டி கொடுத்துப் பாருங்கள். அதைவிடப் பயனுள்ள ஓய்வுக்காலப் பரிசு எனக்குத் தெரியவில்லை.

உடம்பும் வீடும்

மரம் அறுக்கும் இயந்திரங்களில் ஸ்க்ரோல் சா சாதுவானது. பலகையைத் தூக்கி எறியாது, வேகமும் குறைவு. ஆனாலும் விரலை வெட்டும். பிளேடு ஓடும் கோட்டில் விரலை வைக்காதீர்கள்; பிளேடு மாற்றும்போது பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள். இனிப்பு நீரால் விரல் மரத்துப் போனவர்களும், இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்டுத் தொடங்குவது நல்லது. கண்ணாடியோடு நல்ல விளக்கும் வேண்டும்.

மரத்தூளை யாரும் சாதாரணமாக நினைக்கக் கூடாது. உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை அதைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்திருக்கிறது. என்95 முகக்கவசம் போட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில் வேலை செய்யுங்கள். தரை வீட்டுக்காரர்களுக்குக் கார் நிறுத்தும் முன்கூரை போதும். அடுக்குமாடியில் இருப்பவர்கள் பால்கனியில் வைத்து, இயந்திரத்துக்கு அடியில் தடித்த ரப்பர் விரிப்புப் போட்டால் அதிர்வு கீழ்வீட்டுக்குப் போகாது.

நம் ஊர் ஈரக்காற்றில் பிளேடு துருப்பிடிக்கும், பலகை வளையும். பிளேடுகளுக்கு ஒரு சொட்டு எண்ணெய் தடவி மூடிய குழாயில் வையுங்கள். பலகைகளைத் தட்டையாக அடுக்கி மேலே பாரம் வையுங்கள்.

தொடங்குபவர்களுக்கு:
• விலை சில நூறு வெள்ளியில் தொடங்கி ஆயிரங்கள் வரை போகும். சேமநிதிப் பணத்தை முதல் மாதமே விலையுயர்ந்த இயந்திரத்தில் கொட்டாதீர்கள்.
• முனையில் பின் இல்லாத பிளேடையும் ஏற்கும் இயந்திரமா என்று பாருங்கள். பின் உள்ள பிளேடுக்குப் பெரிய ஓட்டை வேண்டும்; நுண்ணிய வேலை வராது.
• நம் மின்சாரம் 230 வோல்ட். அமெரிக்காவின் 120 வோல்ட் இயந்திரத்தை உறவினர் மூலம் தருவிக்க வேண்டாம்.
• படத்தை ஒட்டும் முன் பலகைமேல் தெளிவான பேக்கிங் டேப் ஒட்டுங்கள். மரம் கருகுவது குறையும்.

சேர்ந்து செய்தால்

ஆஸ்திரேலியாவில் 1990-களில் ‘மென்ஸ் ஷெட்’ என்ற இயக்கம் வளர்ந்தது. ஓய்வு பெற்ற ஆண்கள் ஒரு பொதுப் பட்டறையில் கூடி மரவேலை செய்வார்கள். இன்று அந்நாட்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பட்டறைகள் இருக்கின்றன. எதிரெதிரே உட்கார்ந்து மனக்குறையைப் பேசத் தயங்கும் ஆண்கள், பக்கத்தில் நின்று வேலை செய்யும்போது தானாகப் பேசுகிறார்கள் என்பதே அந்த இயக்கத்தின் அனுபவம். மனைவியை இழந்தவர்களும், பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கத் தனியே வாழ்பவர்களும் நம் தாமான்களிலும் நிறையப் பேர். அவர்களுக்கு இப்படி ஓர் இடம் அவசியம். பெண்களுக்கும்தான், கோலம் போட்டுப் பழகிய கைக்குக் கோட்டைப் பிடித்து அறுப்பது விரைவில் வசப்படும்.

சமூகநலத் துறையின் முதியோர் நடவடிக்கை மையங்கள் இருக்கின்றன. வாரநாளில் வெறுமையாகக் கிடக்கும் கோயில் மண்டபங்களும் சங்கக் கட்டடங்களும் இருக்கின்றன. இரண்டு மேசை, இரண்டு இயந்திரம், தூசி உறிஞ்சும் கருவி ஒன்று, செந்தூலிலோ வேறெங்கோ பட்டறை வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு மூத்தவர் போதும், வகுப்பைத் தொடங்கிவிடலாம். ஆலய நிர்வாகங்களும் இயக்கத் தலைவர்களும் அடுத்த கூட்டத்திலேயே இதைப் பேச வேண்டும்.

நம் முன்னோர் வயிற்றுக்காக மரத்தில் கத்தி வைத்தார்கள். விருப்பத்துக்காக மரத்தில் கை வைக்கும் வசதி நமக்குக் கிடைத்திருக்கிறது. அதைச் சம்பாதித்துக் கொடுத்தவர்கள் அவர்கள். அவர்களுடைய நிதானமும் அளவறிவும் நம் கைகளிலும் இருக்கின்றனவா என்று பார்க்க ஒரு ரப்பர் பலகையும் ஒரு மெல்லிய பிளேடும் போதும். அப்படி அறுத்த எழுத்துகளைக் கொண்டு ஒரு குழந்தை தன் பெயரைத் தமிழில் கோத்துவிட்டால், கைவேலை தாழ்ந்தது என்ற பேச்சு அந்த வீட்டில் மறுபடி எழாது.