வேலிப் பொட்டும் விதை முடிச்சும்

யாழ்ப்பாணத்து வளவுகளைக் கிடுகுவேலிகள் சூழ்ந்திருந்த காலத்தில், அடுத்தடுத்த இரு வீடுகளுக்கிடையே பெரும்பாலும் ஒரு பொட்டு இருக்கும். படலையைத் திறந்து ஒழுங்கையைச் சுற்றி வராமல், பெண்கள் குனிந்து போய்வருவதற்கு அமைந்த சிறு வழி அது. உப்பும் மோரும் அவ்வழியே சென்றன. ஊர்ச் செய்திகளும் சென்றன. ஆவணி பிறந்தால் விதை முடிச்சுகள் செல்லும். பழந்துணியில் முடிந்த பத்துப் பாகல் விதை இங்கிருந்து போனால், அங்கிருந்து ஒரு பிடி பயிற்றை வரும். விலை பேசுவாருமில்லை, எண்ணிப் பார்ப்பாருமில்லை.

இதனை அயலுறவின் இனிமை என்று மட்டுமே பலர் கருதுவர். நாமோ இதனை ஒரு காப்புறுதி என்போம். பந்தல் மாரி வெள்ளத்தில் அழுகலாம். பேணியில் இட்ட விதையை வண்டு துளைக்கலாம். வீட்டாரே ஊரை விட்டுப் போக நேரலாம். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் தென்மராட்சிக்கும் வன்னிக்கும் இடம்பெயர்ந்தபோது, கையிற் கொண்டு சென்ற பொதிகளிலே விதைக்கு எங்கே இடம்? எமது அயலில் வாழ்ந்த மூதாட்டி ஒருவர் மறு ஆண்டு திரும்பி வந்தார். பந்தலுமில்லை, அடுக்களைப் புகையிற் கட்டித் தூக்கிய சுரைக்குடுவையுமில்லை. ஆனால் அவருடைய நீண்ட வரிப் புடோல் அழிந்துவிடவில்லை. சில வருடங்களுக்கு முன் சாவகச்சேரியில் வாழ்க்கைப்பட்ட பெறாமகளுக்கு அவர் கொடுத்தனுப்பிய விதை, அங்கே தலைமுறை தலைமுறையாகக் காய்த்துக்கொண்டிருந்தது. அங்கிருந்து இருபது விதை மீண்டு வந்தது. இன்று எமது ஒழுங்கையில் ஐந்து வீடுகளில் அக்கொடி படர்ந்திருக்கின்றது.

அரசாங்கமும் விதைகளைக் காக்கின்றது. பேராதனையை அடுத்த கன்னொருவையில், ஜப்பானிய உதவியுடன் 1988 ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தாவர மரபணு வள நிலையத்தில், குளிரறைகளில் நாட்டின் பயிரினங்களைப் பேணி வருகின்றனர். நோர்வே நாட்டின் வடகோடியிலே 2008 ஆம் ஆண்டு திறக்கப்பட்ட ஸ்வால்பார்ட் விதைக் களஞ்சியத்தை அறியாத மாணவர் இரார். இவை வேண்டியவையே. எனினும் குளிரறையில் உறங்கும் விதை, ஆண்டுதோறும் மண்ணில் விழும் விதையைப்போல எமது உவர்க்கிணற்று நீருக்கும் பங்குனி வெயிலுக்கும் பழகுவதில்லை. திருநெல்வேலி ஊதா என்னும் கத்தரியும் திருநெல்வேலி வெள்ளை என்னும் பாகலும் விவசாயத் திணைக்களம் சிபாரிசு செய்யும் இனங்களாகும். அவை தாங்கியிருப்பது தென்னிந்திய நெல்லையின் பெயரன்று, எமது குடாநாட்டுத் திருநெல்வேலியின் பெயர்.

பழைய விதை என்றதும் அது ஆதி தொட்டு எமதே என்று பெருமிதம் கொள்வோரும் உளர். மிளகாய், தக்காளி, பூசணி, பப்பாசி, மரவள்ளி யாவும் அமெரிக்கக் கண்டத்திலே தோன்றி, ஐரோப்பியர் கப்பலேறி வந்தவை. பூசணியைத் தமிழகத்தார் பறங்கிக்காய் என்பதிலேயே அதன் வரலாறு இருக்கின்றது. கொடுத்தும் வாங்கியும் வந்ததே எமது கறிச்சட்டி.

ஆனால், கிடைத்த விதை எல்லாம் கொடுக்கத் தக்கதன்று. 2022 ஆம் ஆண்டு யூன் மாதத்தில், உணவுத் தட்டுப்பாட்டை எண்ணி அரசாங்க ஊழியர் வீட்டுத் தோட்டஞ் செய்யும்பொருட்டு வெள்ளிக்கிழமை விடுமுறைக்கு அமைச்சரவை அங்கீகாரம் அளித்தது. அப்போது கடைப் பொட்டலங்களை வாங்கியோர் பலர். எஃப் 1 என்று அச்சிட்ட கலப்பின விதை முதல் முறை நன்றாகவே காய்க்கும். அதன் காயில் விதையெடுத்து அயலாருக்குக் கொடுத்தால், ஒரு செடி குட்டை, ஒரு செடி நெட்டை, ஒன்றின் காய் உருண்டை, மற்றதன் காய் நீளம் என்று பலவாறு பிரியும். மெண்டல் பட்டாணியில் நடத்திய ஆராய்ச்சியைப் படித்த மாணவருக்கு இதில் வியப்பில்லை.

தேனீ செய்யும் கலப்பும் உண்டு. கறிமிளகாயையும் உறைப்பு மிளகாயையும் அருகருகே நட்டு, கறிமிளகாயில் விதையெடுப்போர் அடுத்த போகத்தில் கண்ணீர் விடுவர். பூசணிக்கும் நீற்றுப்பூசணிக்கும் இந்த அச்சம் வேண்டா. அவை வேறு வேறு இனங்கள். பாகலும் புடோலும் ஒரே பந்தலில் ஏறினாலும் கலவா. இரண்டு வகைப் பூசணி அருகில் நின்றால் மட்டும் ஒரு சிறு வேலை இருக்கின்றது. மறுநாள் மலரவிருக்கும் பெண்பூவையும் ஆண்பூவையும் மாலையிலேயே நூலாற் கட்டிவிடுக. பிஞ்சு தாங்கி நிற்பதே பெண்பூ. விடிந்ததும் அவிழ்த்து, ஆண்பூவின் மகரந்தத்தை அதிலே தடவி, மீண்டும் கட்டிக் காம்பில் அடையாளம் இடுக. அக்காயின் விதை மட்டுமே பிறருக்குக் கொடுக்கத் தக்கது. மாணவர் ஒரு முறை செய்து பார்த்தால் பாடநூலின் பத்துப் பக்கம் விளங்கிவிடும்.

கத்தரிக்காயைச் செடியிலேயே மஞ்சளாகப் பழுக்க விட்டு விதையெடுத்தல் வேண்டும். நீரில் மிதப்பவை பதர். தக்காளி விதையைச் சூழ்ந்த வழுவழுப்பு முளைப்பைத் தடுக்கும் ஆதலால், சாற்றுடன் இரண்டொரு நாள் புளிக்க வைத்துக் கழுவுதல் நன்று. நடுப்பகலிற் சுடும் சீமந்துத் தரையில் விதை உலர்த்துவோரைக் காணும்போது எமக்கு மனம் பதைக்கும், நிழற்காய்ச்சலே போதும். பயிற்றைக்குச் சாம்பல் கலந்து வைத்தல் எமது பாட்டிமார் கண்ட முறை. வண்டு எளிதில் அணுகாது. வெங்காய விதை ஓராண்டு கடந்தால் முளைக்குமென்று நம்புவதற்கில்லை. பூசணி, பாகல் முதலியன நன்கு உலர்ந்திருந்தால் நாலைந்து ஆண்டு தாங்கும்.

முடிச்சோடு பெயரும் செல்லுதல் வேண்டும். எந்த ஆண்டு எடுத்தது, யார் வளவில் விளைந்தது என்று ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி உள்ளே இடுவதற்கு ஒரு நிமிடம் போதும். பெயரில்லாத விதையை அடுத்த ஆண்டு எவரும் கேட்டு வாங்குவதில்லை.

கிடுகுவேலிகள் அருகி இன்று மதில்கள் எழுந்துவிட்டன; மதிலுக்குப் பொட்டு வைப்பாரில்லை. எமது மாணவர் சிலர் பழைய கடித உறைகளில் விதையிட்டு ஆவணி மாதத்தில் வகுப்பிலேயே மாற்றிக்கொள்கின்றனர். சென்ற முறை வெண்டியும் பயிற்றையும் குவிந்தன. பலர் கேட்டும் ஒருவரிடமும் இல்லாதிருந்தது, வேலியிற் படரும் பழைய ஊதா அவரை. வாசகர்களில் எவருடைய அடுக்களையிலேனும் அது தூங்கிக்கொண்டிருந்தால், மாரி மழைக்கு முன் ஐந்து விதையேனும் அடுத்த வீட்டுக்குச் செல்லட்டும்.