மேலே மஞ்சளா, கீழே மஞ்சளா?

மாடித்தோட்டம்: தொடர் – 9

நர்சரியில் ஓர் இலையைக் கிள்ளிக்கொண்டு போய் “மஞ்சளாகுதுண்ணே” என்றால் போதும். ஒரு பாக்கெட் மண்புழு உரம் கைக்கு வந்துவிடும். அந்த இலை செடியின் அடியில் இருந்ததா, நுனியில் இருந்ததா என்று கேட்பவர் அபூர்வம். முதலில் கேட்க வேண்டியதே அதைத்தான்.

தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் ஆகியவற்றைச் செடியால் இடம் மாற்ற முடியும். தட்டுப்பாடு வந்தால் முதிர்ந்த இலைகளிலிருந்து உருவித் தளிருக்கு அனுப்பிவிடும். அதனால் அடி இலைகள் முதலில் வெளுக்கும். இரும்பும் கால்சியமும் அப்படி நகர்வதில்லை. வரத்து நின்றால் அடிபடுவது தளிர்தான். ஆகவே அடி இலை நரம்போடு சேர்ந்து முழுசாக வெளிறினால் தழைச்சத்தைச் சந்தேகிக்கலாம். நரம்பு பச்சையாக நிற்க, இடைப்பகுதி மட்டும் மஞ்சளானால் மெக்னீசியம். அதே கோலம் நுனித் தளிரில் தெரிந்தால் இரும்பு. அடி இலையின் ஓரம் கருகினால் சாம்பல்சத்துக் குறைவு, அல்லது உப்பு மிகுதி. இந்த ‘அல்லது’தான் தொட்டிச் செடிக்காரர்களின் பெரிய தலைவலி.

காரணம், கடையில் வாங்கும் கலவை. ‘பாட்டிங் மிக்ஸ்’ என்று விற்கப்படும் பல மூட்டைகளில் பெரும்பங்கு மண்ணே அல்ல, கோகோபீட். பொள்ளாச்சிப் பக்கத்து நார் ஆலைகளில் ஒரு காலத்தில் மலையாகக் குவிந்து கிடந்த அதே தென்னை நார்க்கழிவுதான் இன்று 5 கிலோ கட்டியாக அமுக்கப்பட்டுக் கப்பலேறுகிறது. தண்ணீரை நன்றாகப் பிடித்துவைக்கும். வேருக்குக் காற்றும் விடும். ஆனால், இயல்பிலேயே அதில் பொட்டாசியமும் சோடியமும் ஒட்டியிருக்கின்றன. நாம் கால்சியமோ மெக்னீசியமோ கொடுத்தால் நார்த்தூள் அவற்றைத் தான் பிடித்துக்கொண்டு, பொட்டாசியத்தையும் சோடியத்தையும் வெளியே தள்ளும். உரம் போட்டும் மெக்னீசியக் குறை தெரிவதன் சூட்சுமம் இது. வெறுந்தண்ணீரில் அலசினால் மேலோட்டமான உப்பு போகும். ஒட்டியிருப்பதைப் பெயர்க்கக் கால்சியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைக்க வேண்டும். நல்ல தயாரிப்பாளர்கள் இதைச் செய்துதான் விற்கிறார்கள். மூட்டையின் மேல் அச்சிட்ட பூப்படத்தைப் பார்ப்பதைவிட இதைக் கேட்டு வாங்குவது உத்தமம்.

இன்னொரு வில்லங்கம், மக்காத நார்த்தூள். அதில் தழைச்சத்தைப்போல் நூறு மடங்கு கார்பன் உண்டு. அதை மக்கவைக்க வரும் நுண்ணுயிர்கள் தொட்டியில் இருக்கும் தழைச்சத்தைத் தாங்களே எடுத்துக்கொள்ளும்.

இனி தண்ணீர். இட்லிப்பூச் செடிக்குப் போர்வெல் தண்ணீரையே ஊற்றிவரும் வீடுகளில், தளிர் எலுமிச்சை நிறத்துக்கு வெளுத்து நிற்பதைப் பார்க்கலாம். கடினநீரில் உள்ள பைகார்பனேட் கலவையின் கார அமிலநிலையை 7-க்கு மேல் ஏற்றிவிட்டால், தொட்டியில் இரும்பு இருந்தும் வேரால் எடுக்க முடியாது. அங்கே மேலும் மேலும் சாணத்தைக் கொட்டிப் பயனில்லை.

சந்தேகத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. 1840-களிலேயே பிரான்சில் யூசெப் கிரி என்பவர், வெளுத்த இலைக்கு இரும்பு உப்புக் கொடுத்தால் பச்சை திரும்பும் என்று காட்டிவிட்டார். நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி என்று கேட்டால் கிடைப்பதும் இரும்பு உப்புதான். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 கிராம் கரைத்து, சில சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு, வெளுத்த தளிரின் பாதியில் மட்டும் மாலை வேளையில் தடவ வேண்டும். சில நாட்களில் தடவிய பாதி மட்டும் பச்சை பிடித்தால் குறை இரும்புதான். நரம்பு பச்சையாக நிற்கும் அடி இலை மஞ்சளுக்கு, அன்னபேதிக்குப் பதில் மெக்னீசியம் உள்ள எப்சம் உப்பு. இரண்டையும் ஒரே நாளில் ஒரே இலையில் பூசினால் எது வேலை செய்தது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

இலையோரம் கருகிய செடிக்கு வேறு சோதனை. 1986-இல் அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் ரைட் விவரித்த முறை அது. வழக்கம்போல் தண்ணீர் விட்டு, அரைமணி முதல் ஒரு மணி நேரம் பொறுத்து, மேலே கொஞ்சம் வாலைவடிநீர் ஊற்றினால் அடித்துளை வழியே வடிவது தொட்டிக்குள் இருக்கும் கரைசல். அதில் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்க்கலாம். நாம் ஊற்றும் தண்ணீரைவிட எண் பல மடங்கு எகிறினால் உப்பு தேங்கியிருக்கிறது. உரத்தை நிறுத்தி, நிறைய நல்ல தண்ணீர் விட்டு அலசி வடிக்க வேண்டும். எண் ஏறக்குறைய ஊற்றிய தண்ணீர் அளவிலேயே நின்றால் செடி பட்டினி கிடக்கிறது.

இத்தனைக்கும் முன்னால் செய்ய வேண்டியவை இரண்டு. இலையைத் திருப்பிப் பார்ப்பது, செடியைத் தொட்டியிலிருந்து மெல்ல உருவி வேரைப் பார்ப்பது. அடிப்புறத்தில் சிவப்புச் சிலந்தி ஊர்ந்தாலோ, வேர் பழுப்பேறி நாறினாலோ எந்த உரமும் வேண்டாம். தக்காளியின் அடிப்பாகம் கறுத்து அழுகுவதும் இந்த ரகம்தான். காய்க்குக் கால்சியம் போய்ச் சேராததன் விளைவு அது என்றாலும், பல தொட்டிகளில் கால்சியம் இருக்கவே செய்கிறது. இரண்டு நாள் காயப்போட்டு மூன்றாம் நாள் வெள்ளமாக ஊற்றுவதால் அது காய்வரை போய்ச் சேருவதில்லை.

வைத்தியம் பலித்ததா என்று பார்க்கப் புதிதாக விரியும் இலையைக் கவனிக்க வேண்டும். முழுக்க மஞ்சளாகிவிட்ட அடி இலை பெரும்பாலும் பச்சைக்குத் திரும்பாது. அதைக் கிள்ளி எறிந்துவிடலாம்.