எழுதியவருக்குப் பின் – 9: மருத்துவமனைக்கு வாய்த்த பிள்ளை

சென்ற வாரம் பீட்ரிக்ஸ் பாட்டரைப் பார்த்தோம். புத்தகம் விற்ற காசில் வாங்கிச் சேர்த்த சுமார் 4,000 ஏக்கரை நேஷனல் டிரஸ்டுக்கு விட்டுவிட்டுப் போனவர். ஜே.எம். பேரியிடம் கொடுப்பதற்கு அப்படி நிலம் இல்லை. அவரிடம் இருந்தது வளர மறுத்த ஒரு பையன்.

1929-ல் லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனைக்கு இடம் போதவில்லை. பக்கத்து நிலத்தை வாங்கிப் புதுக் கட்டடம் கட்டலாம் என்று குழு போட்டார்கள். நாடறிந்த பெயர் ஒன்று குழுவில் இருந்தால் நன்கொடை தானாக வரும் என்று பேரியைக் கூப்பிட்டார்கள். அவர் மறுத்துவிட்டார், வேறு வழியில் ஏதாவது செய்ய முடியுமா பார்க்கிறேன் என்று மட்டும் சொன்னார். நாசூக்காகக் கைகழுவுகிறார் என்றுதான் யாருக்கும் தோன்றியிருக்கும். இரண்டே மாதத்தில், அந்தப் பையனின் நாடகமான ‘பீட்டர் பேன்’ உரிமை முழுவதையும் மருத்துவமனைக்கே கொடுக்கிறேன் என்று வந்து நின்றார்.

எவ்வளவு வருகிறது என்று மட்டும் வெளியே சொல்லக் கூடாது என்று கேட்டுக்கொண்டார். மருத்துவமனை இன்றுவரை சொல்லவில்லை. கோயிலுக்கு ஒரு டியூப்லைட் கொடுத்துவிட்டு வெளிச்சமே தெரியாதபடி அதில் பெயர் எழுதிவைக்கும் நமக்கு இது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும்.

அந்த நாடகத்துக்கும் மருத்துவத்துக்கும் அதற்கு முன்பே ஒரு தொடர்பு உண்டு. 1904 டிசம்பர் 27 அன்று டியூக் ஆஃப் யார்க் அரங்கில் முதன்முதலாக மேடையேறியபோது, பீட்டர் சொன்னபடி குழந்தைகள் சும்மா பறந்தார்கள். பார்த்துவிட்டு வீட்டுக்குப் போன பிள்ளைகள் கட்டிலில் ஏறிக் குதித்தார்கள். அடிபட்டு, சில பேருக்கு டாக்டரிடம் போகும் நிலை. பெற்றோர் பேரியிடம் முறையிட, தேவதைப் பொடியை மேலே ஊதினால்தான் பறக்க முடியும் என்று வசனத்தில் சேர்த்தார். இன்று உலகமெங்கும் பீட்டர் பேனோடு ஒட்டிக்கொண்டிருக்கும் அந்த மினுமினுப்புப் பொடி, கவிமனம் கண்ட கனவு இல்லை. விபத்தைத் தடுக்கப் போட்ட ஏற்பாடு. மருத்துவமனை வாசலில் இருக்கும் வெண்கலச் சிலையும் உள்ளங்கையிலிருந்து பொடியை ஊதிக்கொண்டுதான் நிற்கிறது.

பேரி 1937-ல் காலமானார். பிரிட்டனில் அன்றைய சட்டப்படி எழுதியவர் இறந்து 50 ஆண்டுகள் வரைதான் காப்புரிமை. ஆக 1987 டிசம்பர் 31 அன்று மருத்துவமனையின் வருமானம் நின்றிருக்க வேண்டும். அப்போது நாடாளுமன்றத்தில் புதிய காப்புரிமைச் சட்டம் தயாராகிக்கொண்டிருந்தது. முன்னாள் பிரதமர் ஜேம்ஸ் காலஹன் பிரபுக்கள் சபையில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார். அவர் மனைவி ஆட்ரி அந்த மருத்துவமனையின் அறங்காவலர்களில் முக்கியமானவர். வீட்டுக்காரம்மா சொல்லி வந்த சட்டம் என்று யாரேனும் கிண்டலடித்தால் பெரிதாக மறுக்க முடியாது. 1988 சட்டத்தின் 301-வது பிரிவாக அது நிறைவேறியது. வேறெந்தக் கதைக்கும் அங்கே இப்படித் தனிப் பிரிவு கிடையாது.

இந்தப் பிரிவைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். காப்புரிமைக்கு என்றென்றைக்கும் உயிர் கொடுத்துவிட்டார்கள் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. கொடுத்தது ராயல்டி வாங்கும் உரிமை மட்டும். பிரிட்டனுக்குள் நாடகத்தையோ அதன் தழுவலையோ மேடையேற்றினால், புத்தகமாக விற்றால், ஒளிபரப்பினால் மருத்துவமனைக்குப் பங்கு வர வேண்டும். தொகையில் பேச்சு படியவில்லை என்றால் தீர்ப்பாயம் முடிவு செய்யும். ஆனால் இதை எழுதாதே, அதை மாற்றாதே என்று தடுக்க இந்தப் பிரிவு அதிகாரம் தரவில்லை. உரிமையை இன்னொருவருக்கு விற்கவோ அடகு வைக்கவோ முயன்றால் அப்போதே அது போய்விடும். நோயுற்ற குழந்தைகளுக்குச் சிகிச்சை தருவது அந்த மருத்துவமனையின் வேலையாக இல்லாமல் போனாலும் போய்விடும்.

இந்தத் தொடருக்காக நான் படித்த எழுத்தாளர் வாரிசு ஏற்பாடுகளில் இதைவிட நேர்த்தியாக ஒன்று கண்ணில் படவில்லை. குழந்தை இலக்கியத்தில் வாரிசுகள் செய்யும் பெரும் தொல்லை, பணம் கேட்பது இல்லை; கதைக்குக் காவல் நிற்பது. காசை வாங்கிக்கொள், கையைப் பிடிக்காதே என்கிறது 301.

கையைப் பிடிக்கும் அதிகாரம் சிறிது காலம் திரும்பி வந்தபோது மருத்துவமனையும் அதைப் பயன்படுத்தத்தான் செய்தது. ஐரோப்பிய ஒன்றிய நாடுகள் எல்லாம் காப்புரிமையை 70 ஆண்டுகளாக்கின. அதனால் 1990-களின் நடுவில் பீட்டர் பேன் மீண்டும் முழுக் காப்புரிமைக்குள் வந்தது, 2007 முடியும்வரை. அந்த இடைவெளியில் ஆலன் மூர், பீட்டரோடு பறந்துபோகும் சிறுமி வெண்டியை வளர்ந்த பெண்ணாக்கி, பெரியவர்களுக்கான ‘லாஸ்ட் கேர்ள்ஸ்’ சித்திரக் கதையில் சேர்த்திருந்தார். மருத்துவமனை எதிர்ப்புச் சொன்னது. புத்தகம் காப்புரிமை முடிந்த பிறகு, 2008-ல்தான் பிரிட்டனுக்குள் வந்தது. குழந்தைகள் மருத்துவமனையின் பெயரோடு அதைச் சேர்த்துப் பார்க்க அவர்கள் விரும்பாததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. ஆனால் 2008-க்குப் பிறகு பேரியின் பெயருக்கு என்ன குறைந்தது?

அதே சமயம் அவர்கள் செய்த இன்னொரு காரியம் சாமர்த்தியமானது. முழு உரிமை கையில் இருக்கும்போதே அதிகாரபூர்வமான ஒரு தொடர்ச்சியை வெளியிடத் தீர்மானித்தார்கள். எழுத்தாளர்களிடம் கதைச்சுருக்கமும் மாதிரி அத்தியாயமும் கேட்டு, போட்டி வைத்து, ஜெரால்டின் மெக்காக்ரீனைத் தேர்ந்தெடுத்தார்கள். 2006-ல் ‘பீட்டர் பேன் இன் ஸ்கார்லெட்’ வந்தது. வருமானம் எழுத்தாளருக்கும் மருத்துவமனைக்கும் பங்கு. பீட்டரின் பழைய கூட்டாளிகளான, வளர்ந்து பெரியவர்களாகிவிட்ட ‘தொலைந்த பையன்கள்’, தங்கள் பிள்ளைகளின் உடுப்புகளை மாட்டிக்கொண்டு மறுபடி சிறுவர்களாகி பீட்டரின் தீவான நெவர்லேண்டுக்குக் கிளம்பும் இடம் பேரியே பொறாமைப்படக் கூடியது.

நாடகத்தில் வரும் பூர்வகுடிப் பெண் டைகர் லில்லி விஷயம் வேறு. அமெரிக்கப் பூர்வகுடிகளைப் பேரி எழுதியிருக்கும் விதம் இன்றைக்கு மேடையில் கூச்சமின்றிச் சொல்லக்கூடியதாக இல்லை. இப்போது நாடகக் குழுக்கள் அவரவர் மனசாட்சிப்படி அந்தப் பகுதியை வெட்டுகிறார்கள், மாற்றுகிறார்கள். யாரிடமும் அனுமதி கேட்டு நிற்க வேண்டியதில்லை. நன்றாகச் செய்பவர்களும் உண்டு, சொதப்புபவர்களும் உண்டு. இருவரும் பணம் கட்டுகிறார்கள்.

கடல் கடந்தால் 301 செல்லாது. நாடகம் அச்சானது 1928-ல் என்பதால் அமெரிக்காவில் 2023-ஓடு எல்லாம் முடிந்தது.

இவ்வளவு நன்மைக்கு நடுவே ஒரு கணக்கு மட்டும் நேராகவில்லை. நாடகம் பிறந்ததற்குக் காரணமே பேரி கென்சிங்டன் பூங்காவில் சந்தித்த லூவெலின் டேவிஸ் வீட்டுப் பிள்ளைகள். ஐந்து பையன்கள், பெற்றோர் அடுத்தடுத்து இறந்தபின் அவரே பார்த்துக்கொண்டார். ஜார்ஜ் 1915-ல் போரில் இறந்தார். மைக்கேல் 1921-ல் நீரில் மூழ்கினார். பேரி தன் மற்ற சொத்தில் பெரும்பகுதியைச் செயலாளர் சிந்தியா ஆஸ்க்வித்துக்கு எழுதிவைத்தார். ஐவரில் பெயர் கொடுத்த பீட்டர், வாழ்நாள் முழுக்க ‘பீட்டர் பேன் இவர்தான்’ என்ற அறிமுகத்தைச் சுமந்து, பதிப்பாளராக இருந்து, 1960-ல் ஸ்லோன் ஸ்கொயர் ரயில் நிலையத்தில் உயிரை மாய்த்துக்கொண்டார். 301-வது பிரிவில் பீட்டர் என்ற பெயர் இருக்கிறது. அது இவரைக் குறிக்கவில்லை.

(அடுத்த வாரம்: ரோல்ட் டாலின் கதைகளில் கத்தரி வைத்தவர்கள்)