உங்களுக்குத் தெரியுமா? யுரேனஸுக்கும் சனிக்கும் இடையில் ஓர் அளவு

நம் சூரியக் குடும்பத்தில் யுரேனஸைவிடப் பெரிதாக, சனியைவிடச் சிறிதாக ஒரு கோளும் இல்லை. அப்படி ஒன்றை 600 ஒளியாண்டுக்கு அப்பால் 2018-இல் உறுதிசெய்தவர்கள், அகமதாபாத் இயற்பியல் ஆய்வகத்தைச் சேர்ந்த அபிஜித் சக்ரவர்த்தி குழுவினர். பெயர் கே2-236பி. பூமியைப்போல் 6 மடங்கு ஆரம்; சுமார் 27 மடங்கு நிறை. அங்கே ஓர் ஆண்டென்பது ஏறக்குறைய 19½ நாள்தான்!

கோள் குறுக்கே கடக்கும்போது விண்மீனின் ஒளி ஆயிரத்தில் இரண்டு பங்குகூடக் குறைவதில்லை. அந்தச் சிறு மங்கலைக் கண்டது நாசாவின் கெப்ளர் தொலைநோக்கி. அதிலிருந்து கோளின் அளவு கிடைக்கும்; நிறை கிடைக்காது.

நிறையை அறிய, கோளின் ஈர்ப்பால் விண்மீன் எவ்வளவு அசைகிறது என்று பார்க்க வேண்டும். மவுண்ட் அபுவில் உள்ள 1.2 மீட்டர் தொலைநோக்கியும் 'பராஸ்' நிறமாலைமானியும், நிறமாலைக் கோடுகள் இடம்பெயர்வதை வைத்து அந்த அசைவை அளந்தன. நொடிக்குச் சில மீட்டர் வேகம்தான். உண்மையிலேயே பெரிய சாதனை இது.

இதே கோட்டுப் பெயர்ச்சியைக் கொண்டுதான், மதுரைச் சமவெளிக்கு மேலே கொடைக்கானலில் உள்ள வானாய்வகத்தில், 1909-இல் சூரியப் புள்ளிகளில் வாயு ஓடுவதை எவர்ஷெட் என்ற வானியலாளர் கண்டுபிடித்தார். கொடைக்கானலுக்குச் சுற்றுலா போகிறவர்கள் அந்த வானாய்வகத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள்.