அடுப்பங்கரையிலே கணக்குப் பாடம்! வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகளின் தாய்மார் கையாளும் வழி

பிள்ளையைப் பள்ளிக்கூடம் அனுப்பாமல் வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்கும் தாய்மாருக்குத் தினமும் தலைவலி. சமையலைக் கவனிப்பதா, பாடத்தைக் கவனிப்பதா? கெட்டிக்காரத் தாய்மார் இரண்டையும் ஒன்றாக்கி விடுகிறார்கள்!

பால் கணக்கு

தினம் அரை லிட்டர் பாக்கெட் இரண்டு. "வாரத்துக்கு எத்தனை லிட்டர்டா?" என்று கேட்டால் பையன் 7 என்று சொல்ல வேண்டும். மளிகைச் சீட்டு எழுதுவது தமிழ்ப் பாடம். கடை பில்லைக் கூட்டிச் சரிபார்ப்பது கணக்கு. கரண்ட் மீட்டரில் இன்றைய எண்ணிலிருந்து நேற்றைய எண்ணைக் கழித்தால், ஒருநாள் செலவு எத்தனை யூனிட் என்று தெரிந்துவிடும். மீட்டரைப் பார்க்கலாம், தொடக்கூடாது!

சாயங்காலம் புத்தகத்தை மூடிவிட்டு, தெருப் பிள்ளைகளோடு விளையாட விட வேண்டும். இல்லாவிட்டால் பிள்ளைக்கு வீடே ஜெயில்.

சர்டிபிகேட் உஷார்!

எவ்வளவு படித்தாலும் கையில் சான்றிதழ் இல்லாவிட்டால் காலேஜிலும் இடமில்லை, சர்க்கார் வேலைக்கும் மனுப் போட முடியாது. இங்கேதான் பல பெற்றோர் கோட்டை விடுகிறார்கள்.

இதற்கு வழி இருக்கிறது. 1989-ல் மத்திய அரசு ஏற்படுத்திய தேசிய திறந்தநிலைப் பள்ளியில், 14 வயது நிறைந்தவர்கள் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். குறைந்தது 5 பாடங்களில் பாஸாக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுத வேண்டியதில்லை. 5 ஆண்டுக்குள் 9 வாய்ப்பு உண்டு.

பதிவு செய்யப் பிறந்த தேதிக்கு ஆதாரம் கேட்பார்கள். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ் எந்தப் பெட்டியில் கிடக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள்!