பகலில் தூக்கம், வரப்பில் தடுமாற்றம்

"வயசானா பகல்ல கண்ணு சொக்கத்தான் செய்யும்" என்று எங்க திருப்பாச்சூர் பக்கம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். நடை தளர்ந்தாலும் அதே பதில்தான். உழவர்களே, இந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இங்கே பிள்ளைகள் ஷிப்ட் வேலைக்குக் கம்பெனிக்குப் போய்விடுகிறார்கள். நவரைப் பட்டத்தில் ராத்திரி கரண்டு வந்ததும் மோட்டார் போட்டு மடை திருப்புவது அறுபதைத் தாண்டிய அப்பாக்கள்தான். ராத்திரித் தூக்கம் கெட்டால் பகலில் திண்ணையிலேயே அசந்துபோகிறார்கள். உடம்பு அசைவு குறைந்து, தொடைச் சதை கரைந்து, நடை மெதுவாகிறது. பகலெல்லாம் படுத்தவருக்கு ராத்திரி தூக்கம் பிடிக்காது. இந்த நிலையில் ஈர வரப்பில் சறுக்கி இடுப்பெலும்பு முறிந்தால், அந்த வீட்டில் வெள்ளாமையே படுத்துவிடும்.

வீட்டிலேயே சோதிக்கலாம். களத்தில் 4 மீட்டருக்குக் கோடு போட்டு, வழக்கமான நடையில் கடக்கச் சொல்லுங்கள். 5 நொடிக்கு மேல் ஆனால் நடை தளர்ந்திருக்கிறது என்று பொருள்.

பேசிக்கொண்டிருக்கும்போதே தூங்கி விழுந்தால் அது வெறும் அசதியல்ல. குறட்டையின் நடுவே மூச்சு நின்று நின்று வருவது, ரத்தசோகை, தைராய்டு குறைவு, சளி, அரிப்புக்குப் போடும் சில மாத்திரைகள் என்று காரணங்கள் பல. கஷாயத்தோடு விட்டுவிடாமல் டாக்டரிடம் காட்டுங்கள். மாத்திரையை நாமாக நிறுத்தக் கூடாது. 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' ஊழியர்கள் வீட்டுக்கு வந்தால், பி.பி., சுகரோடு இதையும் சொல்லுங்கள்.

நாம் செய்யக்கூடியவையும் உண்டு. காலை வெயிலில் நடக்கலாம். பகல் தூக்கம் மூணு மணிக்கு முன்னால், அரைமணிக்குள் முடியட்டும். பிடிமானம் பக்கத்தில் இருக்க, நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் பத்து தடவை எழுந்து உட்காருவது தொடைக்கு நல்லது. 65 வயதைத் தாண்டியவர்கள் வாரம் 3 நாளாவது தசைக்கும் சமநிலைக்கும் பயிற்சி செய்யணும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வேர்க்கடலையும் பயறும் விற்பனைக்கு மட்டுமல்ல, பெரியவர் தட்டுக்கும்தான்.

தோட்டத்தில் மூடாக்கு போட்டால் ஈரம் நிற்கும்; பாய்ச்சல் குறையும். ராத்திரி தொட்டியில் நிரப்பி, பகலில் பாய்ச்சலாம். பகலில் மும்முனை மின்சாரம் கேட்பது பெரியவர்களின் உடம்புக்காகவும்தான்.

இந்த வாரமே வீட்டுப் பெரியவரை நடக்க வைத்து, நொடியைக் குறித்து வையுங்கள். மூணு மாசம் கழித்து மறுபடி பாருங்கள்.