பழைய மோட்டார் கார்களில் ‘செக் என்ஜின்’ விளக்கு: குறிகளை அறிதலும் பழுது நீக்கலும்

மதுரைக்கு மேற்கே, சமணர் மலையின் அடிவாரத்தில் கீழக்குயில்குடி என்னும் கிராமம் இருக்கிறது. இங்கும் நாகமலையை அடுத்த ஏனைய கிராமங்களிலும், பத்துப் பதினைந்து வருஷங்கள் ஓடிய கார்களைக் குடியானவர்கள் வைத்திருப்பது சாதாரணமாகிவிட்டது. விடியுமுன் மல்லிகைப்பூ மூட்டையை மாட்டுத்தாவணிச் சந்தைக்குக் கொண்டு சேர்ப்பதும், விதையும் உரமும் வாங்கி வருவதும், நள்ளிரவில் பிரசவ வேதனைப்படும் ஸ்திரீயை ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்வதும் ஒரே வண்டிதான். ஆகையால் அது நடுவழியில் நின்றுவிடுமாயின் நேரும் நஷ்டம் ரூபாய்க் கணக்கோடு முடிவதில்லை.

இவ்வண்டிகளின் முகப்புப் பலகையில் என்ஜின் உருவம் கொண்ட மஞ்சள் நிற விளக்கு ஒன்று உண்டு. சாவியைத் திருப்பியவுடன் அது எரிந்து, என்ஜின் ஓடத் தொடங்கியதும் அணைய வேண்டும். அணையாமல் நின்றாலும், ஓட்டத்தின் நடுவே எரிந்தாலும், யந்திரத்தில் ஏதோ கோளாறு பதிவாகியிருக்கிறது என்று பொருள். இதைச் சிவப்பு நிறமான ஆயில் விளக்கோடு குழப்பிக் கொள்ளலாகாது. ஆயில் விளக்கு எரிந்தால் அந்த இடத்திலேயே என்ஜினை நிறுத்த வேண்டும். மஞ்சள் விளக்கு அசையாமல் எரிந்தால் நிதானமாக வீடு வந்து சேரலாம். ஆனால் அது மினுக்கி மினுக்கி எரியுமானால் விஷயம் வேறு. அதைப் பின்னர்ப் பார்க்கலாம்.

பெட்ரோல் எவ்வளவு, தீப்பொறி எப்போது என்பவற்றைத் தீர்மானிக்கும் சிறு கம்ப்யூட்டர் ஒன்று வண்டிக்குள் இருக்கிறது. பல இடங்களில் வைக்கப்பட்ட சென்சார்கள் சூடு, காற்றின் அழுத்தம், புகையில் மிஞ்சிய பிராணவாயு முதலியவற்றை அதற்கு அறிவிக்கின்றன. ஒரு செய்தி எல்லை மீறினால் கம்ப்யூட்டர் ஒரு குறியைப் பதிந்து, விளக்கை ஏற்றுகிறது. அமெரிக்காவில் 1996 முதல் எல்லாப் புதுக் கார்களிலும் இக்குறிகள் ஒரே முறையில் அமைந்தன. நம் தேசத்தில் பாரத் ஸ்டேஜ் 4 விதிகள் 2010-இல் சென்னை முதலிய சில பெருநகரங்களிலும், 2017 ஏப்ரலில் எங்கும் அமலுக்கு வந்தன. அவ்விதிகளுக்கு உட்பட்ட கார்களுக்கு 2013 ஏப்ரல் முதல் இரண்டாம் வகைச் சோதனை ஏற்பாடு கட்டாயமாயிற்று. அத்தகைய வண்டிகளில் ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு துளைகள் உள்ள சாக்கெட் ஒன்றிருக்கும். சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் சிறு கருவியை அதில் சொருகினால் கைப்பேசியிலேயே குறியைப் படிக்கலாம்.

அதற்கு முந்திய வண்டிகளில் வேறு உபாயம் உண்டு. கார்பரேட்டருக்குப் பதில் இன்ஜெக்டர் வந்த காலத்துச் சில சுஸுகி வகைக் கார்களில், சோதனை முனையை எர்த்துடன் இணைத்தால் விளக்கே மினுக்கிக் குறியைச் சொல்லும். ஒரு மினுக்கு, சற்று இடைவெளி, பின் இரண்டு மினுக்கு என்றால் 12. கோளாறு ஒன்றும் பதிவாகவில்லை என்பது பொருள். எந்த முனையை எதனுடன் இணைப்பது என்பதை அந்த வண்டியின் கைப்புத்தகத்தில் பார்த்தே செய்ய வேண்டும். ஊகித்து இணைத்தால் கம்ப்யூட்டரே கெட்டுவிடக்கூடும்.

புது முறைக் குறி ‘பி 0302’ என்பது போல் இருக்கும். ‘பி’ என்பது என்ஜின், கியர் சம்பந்தமானது. அடுத்த சுழியம் எல்லாக் கம்பெனிகளுக்கும் பொதுவான குறி என்பதைக் காட்டும். 1 இருந்தால் அது பெரும்பாலும் கம்பெனியின் சொந்தக் குறி. மூன்றாவது இடத்தில் 1 அல்லது 2 இருந்தால் எரிபொருளும் காற்றும், 3 இருந்தால் தீப்பொறி, 4 இருந்தால் புகைக் கட்டுப்பாடு.

இங்கேதான் பெரும்பாலோர் ஏமாறுகின்றனர். ஆக்ஸிஜன் சென்சாரின் பெயர் குறியில் வந்துவிட்டால் அந்தச் சென்சாரையே மாற்றிவிடுகிறார்கள்; விளக்கோ மறுவாரம் மீண்டும் எரிகிறது. நெற்பயிர் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறையலாம், துத்தநாகம் குறையலாம், வடிகாலின்றி நீர் தேங்கியும் இருக்கலாம். மஞ்சளைக் கண்டவுடன் யூரியாவைக் கொட்டுவது எவ்வளவு புத்திசாலித்தனமோ, அவ்வளவே குறியைக் கண்டவுடன் சாமானை வாங்குவதும். குறி காட்டுவது அறிகுறியையே. காரணத்தைத் தேடித்தான் அறிய வேண்டும்.

தேடுவதைச் செலவில்லாத இடத்தில் தொடங்குவதே முறை. வைக்கோல் போரை அடுத்த கொட்டகையில் நிறுத்தும் வண்டிகளில் எலி முதல் சந்தேகத்துக்குரியது. அது வயரின் உறையைக் கடித்துவிட்டால் ஒரே சமயத்தில் சம்பந்தமில்லாத நான்கைந்து குறிகள் வரும். அவ்வாறு வந்தால் சென்சார்களைச் சந்தேகிக்காமல், வயர்களையும் பியூஸ்களையும் எர்த் இணைப்பையும் பார்க்க வேண்டும். பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால் கழுவலாம். நீர் பேட்டரிக்குள் போகலாகாது. நிறுத்திய நிலையில் பேட்டரி சுமார் 12.6 வோல்ட்டும், ஓடும்போது பொதுவாக 13.5 முதல் 14.5 வோல்ட்டும் காட்ட வேண்டும். மின்சாரம் குன்றினால் கம்ப்யூட்டரும் தாறுமாறாகவே பேசும்.

பி 0301 முதல் 0304 வரையுள்ள குறிகள், முறையே அந்தந்த சிலிண்டரில் எரிதல் தவறுகிறது என்பவை. 0302 வந்து, சிலிண்டருக்கு ஒரு காயில் வீதம் உள்ள வண்டியாக இருந்தால், என்ஜினை நிறுத்தி ஆறவிட்டு, இரண்டாம் காயிலை மூன்றாம் சிலிண்டருக்கும், மூன்றாவதை இரண்டாவதற்கும் மாற்றிப் பொருத்த வேண்டும். குறியை அழித்து ஓட்டிப் பார்க்கையில் 0303 வருமானால் காயிலே குற்றவாளி. 0302 ஆகவே நின்றால் ஸ்பார்க் பிளக்கையும் இவ்வாறே சோதிக்கலாம். அதிலும் மாறாவிடில் இன்ஜெக்டர், பின்னர் கம்ப்ரஷன் என்று மெக்கானிக்கிடம் செல்ல வேண்டும். காசு செலவின்றிச் செய்யக்கூடிய இப்பரீட்சையைச் செய்யாமல் மூன்று காயில்களையும் வாங்கச் சொல்பவரிடம் வண்டியை விடாதிருப்பதே நலம்.

மினுக்கும் விளக்கு, எரிதல் கடுமையாகத் தவறுகிறது என்பதன் அடையாளம். எரியாத பெட்ரோல், புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் சென்று எரிகிறது. பிளாட்டினம், பல்லேடியம் போன்ற விலையுயர்ந்த உலோகங்கள் பூசிய அதன் தேன்கூட்டு அமைப்பு அந்த வெப்பத்தில் உருகிப்போகும். சில நூறு ரூபாய் பிளக்கோடு முடிய வேண்டியது பல்லாயிரம் ரூபாய்ச் செலவாகிவிடும். அதனினும் முக்கியம்: இப்படி ஓடிய வண்டியைக் களத்தில் காய்ந்த வைக்கோலின் மேலோ சருகின் மேலோ நிறுத்தினால் தீப்பிடிக்கக்கூடும். அறுவடைக் காலத்தில் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

பி 0171 என்பது காற்று மிகுந்து பெட்ரோல் குறைந்தது என்னும் குறி. கருவியில் பெட்ரோல் திருத்த விகிதம் என்று ஓர் எண் தெரியும். உள்ளே வரும் காற்றின் நிறையை அளக்கும் சென்சார் உள்ள வண்டிகளில், அவ்வெண் மெதுவான ஓட்டத்தில் மிகுந்து, 2500 சுற்று வேகத்தில் குறையுமானால், எங்கோ ரப்பர் குழாய் வெடித்துக் காற்று புகுகிறது. சித்திரை வெயில் கண்ட பழைய ரப்பர் அப்படித்தான் ஆகும். வேகம் ஏற ஏற எண்ணும் ஏறினால் பம்போ பில்டரோ பெட்ரோலைப் போதிய அளவு தரவில்லை. 2023 முதல் நூற்றுக்கு இருபது பங்கு எதனால் கலந்த பெட்ரோல் விற்பனைக்கு வந்திருக்கிறது. கரும்பு பயிரிடுவோருக்கு இது நல்ல செய்தியே. எனினும் எதனாலில் பிராணவாயு உள்ளதால், சரியான எரிதலுக்குச் சற்று அதிக எரிபொருள் வேண்டும். நல்ல வண்டியில் கம்ப்யூட்டர் இதைச் சரிக்கட்டிக்கொள்ளும். பம்பு ஏற்கெனவே தளர்ந்த வண்டியில் குறி வெளிப்பட்டுவிடலாம்.

பி 0128 என்பது என்ஜின் போதிய சூட்டை அடையவில்லை என்பது. மதுரை வெயிலில் இது எப்படி என்று வியப்புத் தோன்றும். வெயில் ஊருக்குத் தெர்மோஸ்டாட் எதற்கு என்று அதைக் கழற்றி எறிந்துவிடும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. இது தவறான வழக்கம். என்ஜின் குளிர்ந்தே இருப்பதாகக் கம்ப்யூட்டர் எண்ணிப் பெட்ரோலை மிகுதியாக விடும், மைலேஜும் குறையும்.

டீசல் வண்டிகளில் பி 0087, குழாய் அழுத்தம் குறைந்தது என்பது. பம்ப்செட்டுக்கும் டிராக்டருக்கும் பீப்பாயில் சேமித்த டீசலைக் காருக்கும் ஊற்றுவோர் அதில் தண்ணீர் உள்ளதா என்று முதலில் பார்த்து, பில்டரை மாற்ற வேண்டும். என்ஜின் ஓடும்போது அக்குழாயின் மூட்டை எக்காரணத்தாலும் தளர்த்தலாகாது. பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகுந்துவிடும்.

எக்குறியையும் அழிக்குமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்ள வேண்டும். கோளாறு நேர்ந்தபோது இருந்த வேகம், சூடு முதலியவற்றையும் கம்ப்யூட்டர் சேமித்திருக்கும். பேட்டரி வயரைக் கழற்றி விளக்கை அணைப்பவர் அந்தச் சாட்சியத்தையும் அழித்துவிடுகிறார். கோளாறு உண்மையில் நீங்கினால், தொடர்ந்து மூன்று முறை நல்ல ஓட்டத்துக்குப் பின் விளக்கு தானாகவே அணையும்.

பழைய கார் வாங்குவோர், சாவியைத் திருப்பும்போது இவ்விளக்கு எரிகிறதா என்று கவனிக்க வேண்டும். எரியவே இல்லையெனில் கோளாற்றை மறைக்க அதை யாரோ பிடுங்கியிருக்கலாம். விளக்கு சரியாக இருந்தும், கருவியில் சுயசோதனைகள் பல ‘முடியவில்லை’ என்று காட்டினால், குறிகள் அண்மையில் அழிக்கப்பட்டிருக்கலாம். அத்தகைய வண்டியை இரண்டொரு நாள் ஓட்டிப் பார்த்து, மறுபடியும் குறிகளைப் படித்த பின்னரே முன்பணம் கொடுக்க வேண்டும்.